பழைய கணினிகளில் இயங்குதள மேம்படுத்தல் நேரம்

இயங்குதள மேம்படுத்தல் நேரம் என்பது, ஒரு கணினியில் உள்ள இயங்குதளத்தை அதன் அடுத்த பெரும் பதிப்புக்கு மாற்றத் தொடங்கியதிலிருந்து அக்கணினி மீண்டும் பயன்பாட்டிற்கு வரும் வரை கழியும் காலமாகும். புதிய கணினிகளில் இது பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் அடங்கிவிடும். பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த, சுழலும் வன்தட்டைக் கொண்ட கணினிகளில் இதே பணி நான்கைந்து மணி நேரம் எடுப்பது அரிதன்று. இருபது மணி நேரத்தைக் கடந்த சோதனை முடிவும் பதிவாகியுள்ளது.

இவ்வேறுபாட்டுக்கு இணைய இணைப்பின் வேகமோ நுண்செயலியின் வேகமோ காரணம் என்று பொதுவாக எண்ணப்படுகின்றது. உண்மையில் பெரும்பங்கு வன்தட்டினுடையது. இதனை அறியாமல், கணினி உறைந்துவிட்டதாகக் கருதி இடையில் மின்சாரத்தைத் துண்டிப்பவர்கள், அதுவரை நன்றாக இயங்கிய கணினியையும் சில வேளைகளில் அதிலிருந்த கோப்புகளையும் இழக்க நேரிடுகின்றது.

இக்கட்டுரை பெரும்பாலும் விண்டோஸ் இயங்குதளத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது. ஏனைய இயங்குதளங்கள் பிற்பகுதியில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளன.

மேம்படுத்தலும் இற்றைப்படுத்தலும்

மாதந்தோறும் வெளியாகும் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுவது இற்றைப்படுத்தல் எனப்படும். இதில் இயங்குதளத்தின் சில கோப்புகள் மட்டுமே மாற்றப்படுகின்றன. மேம்படுத்தலிலோ இயங்குதளம் முழுவதுமே மாற்றப்படுகின்றது. பயனரின் கோப்புகள், அவர் நிறுவிய மென்பொருட்கள், அவர் செய்துகொண்ட அமைப்புகள் ஆகியன பழையதிலிருந்து புதியதற்குக் கொண்டு செல்லப்படுகின்றன. சுவருக்கு வெள்ளையடிப்பதற்கும், குடியிருப்பவர்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் உள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டை மாற்றிக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது எனலாம்.

பதிப்பு எண் மாறுவதை மட்டும் கொண்டு எவ்வளவு நேரமாகும் எனக் கணிக்க இயலாது. 2019 நவம்பரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு 1909, அதற்கு முந்தைய 1903 பதிப்பில் இருந்த கணினிகளுக்கு ஒரு சிறு பொதியாகவே வந்தது. புதிய வசதிகள் அனைத்தும் மாதாந்தத் திருத்தங்களுடன் ஏற்கனவே வந்து செயலற்று இருந்தன. சிறு பொதி அவற்றை இயக்கிவிட்டது, அவ்வளவே. ஒரே மறுதொடக்கத்தில் பணி முடிந்தது. விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து 23எச்2 பதிப்புக்கு மாறியதும் இவ்வாறே. ஆனால் அடுத்து வந்த 24எச்2 பதிப்புக்கு இயங்குதளம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே முந்தைய மேம்படுத்தல் பத்து நிமிடத்தில் முடிந்தது என்பதற்காக அடுத்ததும் அவ்வாறே முடியும் என எதிர்பார்ப்பது தவறாகும்.

பதிவிறக்கம்

நேரத்தின் முதற்பகுதி, தேவையான கோப்புகளை இணையத்திலிருந்து பெறுவதாகும். தொலைபேசி வழி இணைப்புக் காலத்தில் இதுவே மிகப் பெரிய தடையாக இருந்தது. 2004 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி சேவைப் பொதி 2இன் முழுமையான நிறுவல் கோப்பு ஏறத்தாழ 266 மெகாபைட் அளவுடையது. விநாடிக்கு 56 கிலோபிட் இணைப்பு தன் முழு வேகத்தில் இடையறாது இயங்கினாலும் இதைப் பெற 11 மணி நேரம் தேவைப்படும். அந்த இணைப்புகள் முழு வேகத்தில் இயங்குவதும் இல்லை, இடையறாது நிற்பதும் இல்லை. இதனாலேயே மைக்ரோசாப்ட் இச்சேவைப் பொதியைக் குறுவட்டிலும் வழங்கியது.

அகலப்பட்டை இணைப்பு பரவிய பின் இக்கட்டம் முக்கியத்துவத்தை இழந்தது. விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 4 கிகாபைட் கோப்பு ஒன்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வந்து சேரும். அந்நேரத்தில் கணினியில் வேறு பணிகளைச் செய்யவும் முடியும். பழைய கணினிக்கும் புதிய கணினிக்கும் இக்கட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு இதன் பின்னரே தொடங்குகின்றது.

வன்தட்டின் பங்கு

வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுக் கொண்ட வட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் ஒரு கைபோன்ற அமைப்பின் முனையில் உள்ள தலை நகர்ந்து தரவைப் படிக்கவும் எழுதவும் செய்கின்றது. தரவு ஒரே தொடர்ச்சியாக இருக்கும்போது வன்தட்டு மோசமான கருவியன்று. விநாடிக்கு 80 மெகாபைட் வேகத்தில் படிக்கும் ஒரு பழைய வன்தட்டு, 15 கிகாபைட் தொடர் தரவை மூன்றேகால் நிமிடத்தில் படித்துவிடும்.

ஆனால் மேம்படுத்தல் என்பது தொடர் தரவைப் படிக்கும் பணியன்று. அது வட்டு முழுவதும் சிதறிக் கிடக்கும் இலட்சக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடும் பணி. மடிக்கணினிகளில் பரவலாக இருந்த வன்தட்டுகள் நிமிடத்திற்கு 5400 சுழற்சி வேகம் கொண்டவை. ஒரு சுழற்சிக்கு 11.1 மில்லிவிநாடி ஆகும். தேவையான இடம் தலையின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுழற்சி, அதாவது 5.6 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 12 மில்லிவிநாடி ஆகும். இரண்டையும் கூட்டினால், கோப்பு எவ்வளவு சிறியதாயினும் ஒவ்வோர் அணுகலுக்கும் 17 அல்லது 18 மில்லிவிநாடி செலவாகின்றது. ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 57 அணுகல்கள் மட்டுமே இயலும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மேம்படுத்தலில் ஓர் இலட்சம் கோப்புகள் கையாளப்படுவதாகவும், ஒவ்வொன்றுக்கும் கோப்பு அட்டவணையைப் படிக்க ஒன்று, கோப்பைத் தொட ஒன்று, மாற்றத்தைப் பதிய ஒன்று என மூன்று அணுகல்கள் தேவை எனவும் கொள்வோம். மொத்தம் மூன்று இலட்சம் அணுகல்கள். தலை அலைவதற்கும் காத்திருப்பதற்கும் மட்டும் ஏறத்தாழ 88 நிமிடம் கழிந்துவிடும். திண்ம நிலை வட்டு எனப்படும் எஸ்எஸ்டியில் நகரும் உறுப்பு எதுவும் இல்லை. ஓர் அணுகலுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிவிநாடி எனக் கொண்டால் இதே மூன்று இலட்சம் அணுகல்கள் அரை நிமிடத்தில் முடியும். நடைமுறையில் இயங்குதளம் பல அணுகல்களை ஒன்றுசேர்த்தும் இடைமாற்று நினைவகத்தில் வைத்தும் சுமையைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் இக்கணக்கு தோராயமானதே. எனினும் இரண்டுக்கும் இடையிலான விகிதம் எத்தகையது என்பதை இது காட்டும்.

பயன்பாட்டின் வயதும் இங்கு ஒரு காரணியாகின்றது. புதிய கணினியில் கோப்புகள் வட்டில் அடுத்தடுத்து இருக்கும். ஆண்டுக்கணக்கில் எழுதி, அழித்து, மீண்டும் எழுதிய வட்டில் ஒரே கோப்பு பல துண்டுகளாகச் சிதறியிருக்கும். வட்டு நிரம்பும் நிலையில் இச்சிதறல் மேலும் கூடுகின்றது. ஒரே மாதிரியான, ஒரே நாளில் வாங்கிய இரு கணினிகள் மேம்படுத்தலுக்கு எடுக்கும் நேரத்தில் மணிக்கணக்கில் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வன்தட்டில் பழுதடைந்த பகுதி ஒன்றைப் படிக்க நேர்ந்தால், அது உடனே தோல்வியை அறிவிப்பதில்லை. மீண்டும் மீண்டும் படிக்க முயல்கின்றது. ஒரே பகுதிக்குப் பல விநாடிகள் செலவாகலாம். நாளாந்தப் பயன்பாட்டில் தொடப்படாத மூலைகளையெல்லாம் மேம்படுத்தல் தொடுவதால், அதுவரை வெளித்தெரியாத பழுது அப்போதுதான் வெளிப்படுகின்றது. எதிர்பார்த்ததை விடப் பன்மடங்கு நீளும் மேம்படுத்தல் சில வேளைகளில் இயங்குதளத்தின் குறையன்று, இறக்கும் தறுவாயில் உள்ள வன்தட்டின் அறிகுறியாகும்.

ஏனைய வன்பொருட்கள்

தற்காலிக நினைவகம் குறைவாக உள்ள கணினியில் இயங்குதளம் வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்திக்கொள்கின்றது. ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கும் வன்தட்டுக்கு இது மேலும் ஒரு சுமை. அதாவது நினைவகக் குறைபாடும் இறுதியில் வன்தட்டின் குறைபாடாகவே வெளிப்படுகின்றது.

நுண்செயலியின் வேகம் முக்கியமாவது, இறுக்கிச் சுருக்கப்பட்ட நிறுவல் கோப்புகளை விரிக்கும்போதாகும். ஆட்டம் வகை நுண்செயலிகளைக் கொண்ட சிறு மடிக்கணினிகளில் இது தெளிவாகத் தெரியும். அவ்வகைக் கணினிகளில் இடப்பற்றாக்குறையும் உண்டு. 32 கிகாபைட் கொள்ளளவு மட்டுமே கொண்டவற்றில் பழைய இயங்குதளமும் புதியதும் மேம்படுத்தலின்போது ஒரே நேரத்தில் இருக்க இடம் போதாது. வெளி நினைவகம் ஒன்றைச் செருகுமாறு விண்டோஸ் 10 நிறுவி கேட்பதுண்டு. அந்த வெளி நினைவகம் மெதுவானதாயின் நேரம் இன்னும் நீளும்.

விண்டோஸ் 7 சோதனைகள்

விண்டோஸ் எக்ஸ்பி வரை, நிறுவி குறுவட்டிலிருந்து கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுத்து வந்தது. 2007 ஜனவரி 30 அன்று பொதுப் பயன்பாட்டிற்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இம்முறை மாறியது. முன்கூட்டியே நிறுவி முடித்த இயங்குதளம் ஒன்றின் படிமமே வட்டில் விரிக்கப்பட்டது. இதனால் வெற்று வன்தட்டில் புதிதாக நிறுவும் நேரம் குறைந்தது. ஆனால் பழைய இயங்குதளத்தின் மேல் மேம்படுத்துபவருக்கு இதனால் பெரிய ஆதாயம் இல்லை. அவருக்குப் படிமம் விரிவதற்கு முன் பழைய கோப்புகளும் அமைப்புகளும் திரட்டப்பட வேண்டும், விரிந்த பின் அவை மாற்றப்பட வேண்டும்.

விண்டோஸ் 7இன் நிறுவித் திரையில் இவை தனித்தனிப் படிகளாகவே காட்டப்பட்டன: விண்டோஸ் கோப்புகளை நகலெடுத்தல், பயனரின் கோப்புகளையும் அமைப்புகளையும் திரட்டுதல், விண்டோஸ் கோப்புகளை விரித்தல், வசதிகளை நிறுவுதல், திரட்டியவற்றை மாற்றுதல். கடைசிப் படியில் எத்தனை கோப்புகளில் எத்தனை மாற்றப்பட்டன என்ற எண்ணிக்கையும் தோன்றும். பல இலட்சத்தில் தொடங்கும் அவ்வெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கே வன்தட்டு என்ன செய்கின்றது என்பது விளங்கும்.

விண்டோஸ் 7 வெளிவருவதற்குச் சற்று முன், 2009 செப்டம்பரில், மைக்ரோசாப்ட் பொறியாளர் ஒருவர் விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7க்கு மேம்படுத்தும் நேரத்தை அளந்த சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார். 70 கிகாபைட் தரவும் 20 மென்பொருட்களும் கொண்ட நடுத்தரப் பயனர், 125 கிகாபைட் தரவும் 40 மென்பொருட்களும் கொண்ட மிகுபயனர், 650 கிகாபைட் தரவும் 40 மென்பொருட்களும் கொண்ட பெரும்பயனர் எனப் பயனர்கள் வகுக்கப்பட்டனர். கணினிகளும் குறைந்த, நடுத்தர, உயர்ந்த திறன் என வகுக்கப்பட்டன. நடுத்தரத் திறன் கொண்ட கணினியில் பெரும்பயனரின் 32 பிட் மேம்படுத்தல் 1220 நிமிடம், அதாவது 20 மணி 20 நிமிடம் எடுத்தது. தரவு ஏதுமின்றிப் புதிதாக நிறுவிய சோதனைகளோ ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தன.

அக்காலச் செய்தி ஊடகங்கள் இருபது மணி நேரம் என்ற எண்ணையே தலைப்பாக்கின. 650 கிகாபைட் தரவு 2009இல் மிகச் சிலரிடமே இருந்தது என்பதால் அத்தலைப்புகள் சற்று மிகையானவையே. ஆயினும் சோதனை உணர்த்திய செய்தி முக்கியமானது. நிறுவப்படும் இயங்குதளம் அதே அளவினதாயினும், கணினியில் ஏற்கனவே உள்ளவை எவ்வளவு என்பதே நேரத்தைப் பெரிதும் தீர்மானித்தது.

விண்டோஸ் 10இல் ஏற்பட்ட மாற்றம்

2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10, ஆண்டுக்கு ஓரிரு முறை பெரும் மேம்படுத்தல்களைப் பெறத் தொடங்கியது. முன்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்ந்த காத்திருப்பு ஆறு மாதத்திற்கு ஒருமுறை நேரவே, அதன் நீளம் பெரும் குறையாகப் பேசப்பட்டது.

இம்மேம்படுத்தல் இரு பகுதிகளைக் கொண்டது. கணினி வழமைபோல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் நடப்பது ஒன்று. மறுதொடக்கத்துக்குப் பின், கணினியைப் பயன்படுத்த இயலாத நிலையில் நடப்பது மற்றொன்று. இரண்டாம் பகுதியின் சராசரி நேரத்தை மைக்ரோசாப்ட் 2018இல் வெளியிட்டது. 2017 ஏப்ரலில் வந்த மேம்படுத்தலில் அது 82 நிமிடமாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்ததில் 51 நிமிடமாகக் குறைந்தது. அடுத்த பதிப்பின் முன்னோட்டச் சோதனைகளில் 30 நிமிடமாகியது.

வேலையின் அளவு குறைந்ததால் இது நிகழவில்லை. புதிய இயங்குதளத்தைத் தனிக் கோப்புறையில் விரித்து வைப்பது, பயனரின் கோப்புகளை மாற்றத்துக்கு ஆயத்தப்படுத்துவது போன்ற பணிகள் இரண்டாம் பகுதியிலிருந்து முதற்பகுதிக்கு நகர்த்தப்பட்டன. பின்னணியில் குறைந்த முன்னுரிமையுடன் நடப்பதால் முதற்பகுதி முன்னிலும் நீண்டது. வேகமான கணினியின் பயனர் இதை உணர்வதில்லை. பழைய வன்தட்டுக் கொண்ட கணினியின் பயனரோ, காரணம் தெரியாமல் நாள் முழுவதும் கணினி மந்தமாக இருப்பதைக் காண்கின்றார். அவரைப் பொறுத்தவரை நேரம் குறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிற்று எனலாம்.

இம்முறைக்கு வேறொரு விளைவும் உண்டு. நாளுக்கு அரை மணி மட்டும் இயக்கி நிறுத்தப்படும் கணினியில் பின்னணிப் பணி முடிவதே இல்லை. ஓர் இற்றைப்படுத்தல் வெளியான பின் அது நம்பகமாக நிறுவப்பட, கணினி இணையத்துடன் குறைந்தது 2 மணி நேரம் தொடர்ச்சியாகவும், மொத்தம் 6 மணி நேரமும் இணைந்திருக்க வேண்டும் என 2022 ஜனவரியில் மைக்ரோசாப்ட் தெரிவித்தது. எப்போதாவது மட்டும் திறக்கப்படும் பழைய மடிக்கணினி, திறக்கும் ஒவ்வொரு முறையும் மந்தமாக இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அதை ஓர் இரவு முழுவதும் மின்னிணைப்புடனும் உறங்குநிலைக்குச் செல்லாமலும் விட்டுவைத்தால் நிலைமை சீராவதுண்டு.

விழுக்காடு காட்டும் திரை

மேம்படுத்தலின்போது திரையில் தோன்றும் விழுக்காடு, கழிந்த நேரத்தின் பங்கு அன்று. அது முடிந்த வேலைப் படிகளின் பங்கு. ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு எடை என்பது முன்கூட்டியே மதிப்பிட்டு வைக்கப்பட்டதாகும். வன்தட்டு வேகமான கணினியில் அம்மதிப்பீடு ஏறக்குறையப் பொருந்தும். பழைய கணினியில், சிறு கோப்புகளைக் கையாளும் படி மட்டும் பன்மடங்கு நீள்வதால் எண் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றது, பின் திடீரெனத் தாவுகின்றது.

சாதன இயக்கிகளை நிறுவும் படியிலும் இவ்வாறு நேரும். கணினியில் உள்ள ஒவ்வொரு சாதனத்தையும் இயங்குதளம் அடையாளம் காண முயல்கின்றது. மறுமொழி தராத பழைய சாதனத்துக்காக அது குறிப்பிட்ட காலம் காத்திருந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லும்.

எனவே எண் நகராமை கணினி உறைந்ததற்குச் சான்றாகாது. வன்தட்டு இயங்குவதைக் காட்டும் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருந்தாலோ, காது வைத்துக் கேட்கையில் தலை நகரும் ஒலி வந்தாலோ பணி நடக்கின்றது என்று பொருள். அவ்விளக்கு இல்லாத மடிக்கணினிகளில் பேரெழுத்துப் பூட்டு விசையை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகின்றதா எனப் பார்க்கலாம். விளக்கு மாறினால் இயங்குதளத்தின் கரு உயிருடன் உள்ளது. இரண்டு அறிகுறிகளும் இன்றி மூன்று நான்கு மணி நேரம் கழிந்த பின்னரே கணினி உறைந்துவிட்டது எனக் கருதுவது பொருத்தமாகும்.

இடையில் நிறுத்துதல்

மின்சாரம் தடைப்பட்டால் என்ன நேரும் என்பது, அது எந்தக் கட்டத்தில் தடைப்பட்டது என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மேம்படுத்தல் நான்கு கட்டங்களாக நடைபெறுகின்றது. முதற்கட்டத்தில் பழைய இயங்குதளமே இயங்குகின்றது. அப்போது கணினியை முறையாக நிறுத்துவதால் பொதுவாகத் தீங்கில்லை. இரண்டாம் கட்டத்தில் ஒரு சிறிய தற்காலிக இயங்குதளம் தொடங்கி, பழைய விண்டோசை ஒதுக்கி வைத்துப் புதியதை அவ்விடத்தில் அமைக்கின்றது. மூன்றாம் கட்டத்தில் புதிய இயங்குதளம் முதன்முறையாகத் தொடங்கிச் சாதன இயக்கிகளை நிறுவுகின்றது. நான்காம் கட்டத்தில் பயனரின் அமைப்புகள் பொருத்தப்படுகின்றன.

பின்னைய மூன்று கட்டங்களில் தடை ஏற்பட்டால், அடுத்த தொடக்கத்தில் நிறுவி பழைய நிலைக்குத் திரும்ப முயலும். செய்த மாற்றங்கள் நீக்கப்படுவதாகத் திரையில் செய்தி தோன்றும். இத்திரும்புதலும் அதே வன்தட்டில், அதே சிறு கோப்புகளைக் கொண்டே நடப்பதால் இதுவும் மணிக்கணக்கில் நீளக்கூடும். பொறுமை இழந்து இதனையும் துண்டிப்பதே மிகவும் ஆபத்தானது. அந்நிலையில் பழைய இயங்குதளமும் முழுமையாக இல்லை, புதியதும் முழுமையாக இல்லை.

விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை, கோப்புகளின் பெயர், இடம் போன்ற அமைப்புத் தகவல்களில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்கின்றது. இதனால் மின்தடைக்குப் பின்னும் வட்டின் கட்டமைப்பு பெரும்பாலும் சிதைவதில்லை. ஆனால் கோப்பின் உள்ளடக்கத்துக்கு இப்பாதுகாப்பு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது துண்டிக்கப்பட்ட கோப்பு, சரியான பெயருடனும் பிழையான உள்ளடக்கத்துடனும் இருக்கக்கூடும்.

மின்தடை அடிக்கடி நிகழும் இடங்களில் மேசைக்கணினியை மேம்படுத்துவோர், வீடுகளில் உள்ள சிறிய யூபிஎஸ் கருவியை நம்ப இயலாது. கணினியை முறையாக நிறுத்துவதற்குப் போதிய சில நிமிடங்கள் மட்டும் மின்சாரம் வழங்கவே அது உருவாக்கப்பட்டது. ஆறு மணி நேரப் பணிக்கு அது காவலன்று. பழைய மடிக்கணினிகளிலும் மின்கலம் தேய்ந்து, பத்து நிமிடம்கூடத் தாங்காத நிலையில் இருப்பதுண்டு. அத்தகையவற்றில் மின்வடம் சற்று அசைந்தாலே கணினி அணைந்துவிடும்.

ஏனைய இயங்குதளங்கள்

ஆப்பிள் நிறுவனத்தின் மாக் கணினிகளில் மேம்படுத்தலுடன் கோப்பு முறைமையே மாறிய காலம் ஒன்று உண்டு. 2017இல் வெளியான ஹை சியரா பதிப்பு, திண்ம நிலை வட்டுகளை மட்டும் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமைக்கு மாற்றியது. 2018இல் வந்த மொகாவி பதிப்பு சுழலும் வன்தட்டுகளையும் மாற்றியதால், பழைய ஐமாக் கணினிகளில் அம்மாற்றத்துக்கும் தனி நேரம் தேவைப்பட்டது. 2020 நவம்பரில் வெளியான பிக் சர் பதிப்புக்கு, சியரா அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பிலிருந்து வருவோர் 35.5 கிகாபைட் வெற்றிடமும், அதற்கு முந்தையவற்றிலிருந்து வருவோர் 44.5 கிகாபைட் வெற்றிடமும் வைத்திருக்க வேண்டும் என ஆப்பிள் அறிவித்தது. ஆனால் நிறுவி அந்த இடம் உள்ளதா எனச் சரியாகச் சோதிக்கத் தவறியது. இடமின்றித் தொடங்கிய மேம்படுத்தல்கள் பாதியில் நின்றன. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்து காப்பு நகலும் இல்லாதவர்களின் தரவு இழப்பு அபாயத்துக்கு உள்ளாகியது. 2021 பிப்ரவரியில் திருத்திய நிறுவி வெளியிடப்பட்டது.

டெபியன், உபுண்டு போன்ற லினக்சு வழங்கல்களில் மேம்படுத்தலின் பெரும்பகுதி, இயங்குதளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பொதி பொதியாக நடைபெறுகின்றது. பொதி மேலாண்மை நிரல், விரித்த கோப்பு உண்மையிலேயே வட்டில் எழுதப்பட்டுவிட்டதா என்பதை உறுதிசெய்துகொண்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்லும். பாதுகாப்பான இம்முறை சுழலும் வன்தட்டில் மிகவும் மெதுவானது. இங்கு நேரம் வீணாவதற்கு முற்றிலும் வேறான காரணம் ஒன்றும் உண்டு. பயனர் மாற்றியமைத்த அமைப்புக் கோப்பு ஒன்றைக் கண்டால், பழையதை வைத்துக்கொள்வதா புதியதை ஏற்பதா என நிரல் கேட்டுவிட்டு நின்றுவிடும். இரவில் தொடங்கிவிட்டு உறங்கச் செல்பவர், அது பத்தாவது நிமிடத்திலேயே கேள்வி கேட்டுக் காத்திருப்பதைக் காலையில் காண்பார்.

கூகுளின் குரோம் ஓஎஸ் இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அதில் இயங்குதளத்துக்கு இரு தனிப் பகுதிகள் உள்ளன. ஒன்றிலிருந்து கணினி இயங்கும்போது மற்றொன்றில் புதிய பதிப்பு எழுதப்படுகின்றது. மறுதொடக்கத்தின்போது எப்பகுதியிலிருந்து தொடங்குவது என்பது மட்டுமே மாறுகின்றது. புதியது தொடங்கத் தவறினால் பழைய பகுதி அப்படியே இருக்கும். பயனரின் கோப்புகள் இரண்டிலும் சேராத தனிப் பகுதியில் இருப்பதால் அவற்றை இடம் மாற்றவேண்டிய தேவையே எழுவதில்லை.

நேரத்தைக் குறைத்தல்

பழைய கணினியில் மேம்படுத்தலை விரைவுபடுத்த, வன்தட்டுக்கு மாற்றாகத் திண்ம நிலை வட்டைப் பொருத்துவதற்கு இணையான வழி வேறில்லை. இதில் வரிசை முக்கியம். பழைய வன்தட்டை அப்படியே புதிய வட்டுக்குப் படியெடுத்து, கணினி அதிலிருந்து தொடங்குவதை உறுதிசெய்த பின் மேம்படுத்தலைத் தொடங்க வேண்டும். முதலில் மேம்படுத்திவிட்டுப் பின் படியெடுப்பவர் மெதுவான வன்தட்டில் முழு நேரத்தையும் செலவழித்துவிடுகின்றார். படியெடுத்த பின் எஞ்சும் பழைய வன்தட்டு காப்பு நகலாகவும் பயன்படும். பழைய சாட்டா இடைமுகம் கொண்ட கணினிகளில் புதிய வட்டு தன் முழு வேகத்தைக் காட்டாது என்பது உண்மையே. ஆனால் இங்கு தேவைப்படுவது தொடர் வேகம் அன்று, சிறு அணுகல்களின் வேகம் என்பதால் ஆதாயம் குறைவதில்லை.

அது இயலாதபோது, படங்கள், நிகழ்படங்கள் போன்றவற்றை வெளி வட்டுக்கு மாற்றி வன்தட்டில் போதிய வெற்றிடம் ஏற்படுத்துதல், பயன்படாத மென்பொருட்களை நீக்குதல், அச்சுப்பொறி முதலிய சாதனங்களைக் கழற்றி வைத்தல் ஆகியவை பயன் தரும். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் எழுதப்படும் ஒவ்வொரு கோப்பையும் சோதிப்பதால், வெளியார் தயாரித்த அத்தகைய மென்பொருளைத் தற்காலிகமாக நீக்கிவைப்பதும் உதவும்.

காப்பு நகல் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதும் ஒரு வழி. நிறுவும் நேரம் குறைவே எனினும், மென்பொருட்களை மீண்டும் நிறுவ வேண்டும். அவற்றின் குறுவட்டோ உரிம எண்ணோ கைவசம் இல்லாதவருக்கு இது வழியாகாது. பல அலுவலகங்களில் பழைய கணினி ஒன்று மாற்றப்படாமல் இருப்பதற்கு, மீண்டும் நிறுவ முடியாத ஒரே ஒரு கணக்கியல் மென்பொருளே காரணமாக இருப்பதைக் காணலாம்.

மேம்படுத்தல் முடிந்து திரை தோன்றிய பின்னும் வன்தட்டு சில மணி நேரம் ஓயாது இயங்கும். தேடல் அட்டவணையை மீண்டும் உருவாக்குதல், விடுபட்ட இயக்கிகளைப் பதிவிறக்குதல் முதலியன அப்போது நடைபெறுகின்றன. புதிய பதிப்பு மந்தமானது என அன்றே முடிவு செய்து பழையதற்குத் திரும்புவோர் உண்டு. விண்டோஸ் 10இல் அவ்வாறு திரும்புவதற்கான காலம் தொடக்கத்தில் 30 நாட்களாக இருந்தது. 2016இல் அது 10 நாட்களாகக் குறைக்கப்பட்டது. பழைய இயங்குதளம் தனிக் கோப்புறையில் வைக்கப்பட்டு, அக்காலம் முடிந்ததும் அழிக்கப்படுகின்றது.

மேம்படுத்தல் கிடைக்காத கணினிகள்

2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் கொள்ளளவு ஆகியவற்றுடன், மைக்ரோசாப்ட் வெளியிட்ட பட்டியலில் உள்ள நுண்செயலியும் தேவை. இன்டெல் நுண்செயலிகளில் ஒருசில விதிவிலக்குகள் தவிர, 2017இல் அறிமுகமான எட்டாம் தலைமுறையிலிருந்தே பட்டியல் தொடங்குகின்றது. இதனால் திண்ம நிலை வட்டும் போதிய நினைவகமும் கொண்டு விரைவாக இயங்கும் 2016ஆம் ஆண்டுக் கணினி ஒன்றுக்கு முறையான மேம்படுத்தல் வழி இல்லை. மெதுவான வன்தட்டுக் கொண்ட 2018ஆம் ஆண்டு மடிக்கணினி ஒன்று தகுதி பெற்றுவிடுகின்றது. நேரத்தைத் தீர்மானிக்கும் உறுப்பு ஒன்றாகவும் தகுதியைத் தீர்மானிக்கும் உறுப்பு வேறொன்றாகவும் இருப்பதன் விளைவு இது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பெறும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. லினக்சு உலகிலும் இத்தகைய எல்லைகள் உண்டு. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13இல் பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும் கருவும் வழங்கப்படவில்லை. அவ்வகைக் கணினிகள் 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 பதிப்புடன் நின்றுவிட்டன.